ஆழத் துளைத்தால் நல்ல தண்ணீர் கிடைக்குமா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றிய ஒரு கேள்வி

கோப்பாயான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வளவு கோப்பாய்க்குக் கிழக்கே, உப்பாற்றுக் கடனீரேரிக்கு (கடலோடு சேரும் உவர்நீர் ஏரி) நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பேரனார் காலத்தில் வெட்டிய கிணறு ஒன்று வீட்டின் பின்புறத்தில் உண்டு. ஏறத்தாழ 20 அடி ஆழம். ஆவணி மாதத்தில் நீர் அடிக்குப் போனாலும் இன்றுவரை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். பக்கத்து வளவில் என் சித்தப்பா 70 அடிக்குக் குழாய்க்கிணறு ஒன்று அடித்தார். முதல் ஆண்டு எந்தக் குறையும் தெரியவில்லை. அடுத்த கோடையில் தண்ணீர் சவர் தட்டத் தொடங்கியது. இப்போது அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை, பருப்பு அவிவதில்லை, தென்னம்பிள்ளைகளுக்கு விட்டால் ஓலை நுனி கருகுகிறது.

குழாய்க்கிணறு அடிப்பவர், "இன்னும் கீழே நல்ல ஊற்று இருக்கிறது, 120 அடிக்குப் போனால் பிரச்சினை தீரும்" என்கிறார். ஊரில் மூத்தவர்களோ, நிலவரைக் கிணற்றிலிருந்து கடலோரத்துக் கீரிமலைக் கேணிக்கு நிலத்தடியில் ஓர் ஆறு ஓடுகிறது என்றும், நிலவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்றும் சொல்லி, அந்த ஆற்றைத் தொடும் வரை துளைத்தால் போதும் என்கிறார்கள். செலவு பெரியது என்பதால் முடிவெடுக்கும் முன் கேட்கிறேன். அப்படி ஓர் ஆறு உண்டா? ஆழப் போனால் நல்ல தண்ணீர் வருமா? இல்லையென்றால் இருக்கும் கிணற்றைக் காப்பாற்ற நாங்கள் எங்கள் காணியில் செய்யக்கூடியது என்ன? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுண்ணக்கல் எழுதியது:

ஆழத் துளைக்க வேண்டாம். காரணம் விளங்கினால் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், நாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. நம் கிணறுகளில் நிற்பது குடாநாட்டின் மேலேயே விழுந்த மழைதான். ஆண்டுக்குச் சராசரியாக 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்கிறது. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் செம்மண் நீரை மிக வேகமாக உள்ளே விடும் மண். அதன் கீழே இருப்பது பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்கல். மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்கேயுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லின் வெடிப்புகளைச் சிறிது சிறிதாகக் கரைத்து, மயிரிழை வெடிப்பைக் கைவிரல் அளவாகவும், கைவிரல் அளவைக் குகையாகவும் ஆக்குகிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டிப் பாருங்கள். மழைநீர் வழியில் கரைத்து எடுத்துவந்த சுண்ணக்கல்தான் அது. கொதிக்கும்போது வாயு வெளியேறுவதால் மீண்டும் கல்லாகப் படிகிறது.

இரண்டாவது, அந்த நன்னீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. நம் குடாநாட்டைச் சுற்றிக் கடலும் கடனீரேரிகளும் இருக்கின்றன. சுண்ணக்கல் எங்கும் துளைகளும் வெடிப்புகளும் உள்ளது. ஆகவே கடல்நீர் கரையோடு நின்றுவிடுவதில்லை. நிலத்துக்கு அடியிலும் உள்ளே வந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறிய வேறுபாட்டினால் மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நடுப்பகுதியில் தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும், வில்லை (லென்ஸ்) வடிவில் கிடக்கிறது. நெதர்லாந்துப் பொறியியலாளர் கீபன் 1888-89 காலத்திலும், ஜெர்மனியரான ஹெர்ட்ஸ்பேர்க் 1901-லும் தனித்தனியே எழுதிய கணக்கு இதுதான்: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும்.

இதை உங்கள் வளவுக்குப் பொருத்திப் பாருங்கள். உங்கள் நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடியில் நின்றால், நன்னீரின் அடி எல்லை நிலமட்டத்திலிருந்து 50 அடி ஆழத்தில் இருக்கும். உங்கள் 20 அடிக் கிணறு அந்த நன்னீருக்குள் பத்திரமாக நிற்கிறது. சித்தப்பாவின் 70 அடிக் குழாயின் நுனி அதைக் கடந்து 20 அடி கீழே போய்விட்டது. 120 அடிக்குப் போனால் இன்னும் தெளிவான உவர்நீரைத்தான் தொடுவார். நான் எடுத்த 10 அடியும் ஓர் அடியும் விளக்கத்துக்கான எண்கள். உங்கள் காணியின் மட்டத்தை அளந்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கடனீரேரிக்கு அருகில் நீர்மட்டம் ஓர் அடிக்கும் குறைவாக இருப்பது வழக்கம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முதல் ஆண்டு நன்றாக இருந்தது ஏன் என்று கேட்பீர்கள். நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கூரான கோடு கிடையாது. இரண்டும் கலந்த ஒரு படை இருக்கிறது, அது மாரியில் இறங்கும், கோடையில் ஏறும். குழாயில் பக்கவாட்டிலிருந்து வெடிப்புகளின் வழியே நன்னீரும் சேர்ந்து வந்திருக்கும். ஆனால் மோட்டர் ஓரிடத்தில் வேகமாக இழுக்கும்போது மேலே நீர்மட்டம் குழிய, அதே இடத்தில் கீழேயுள்ள உவர்நீர் கூம்பாக மேலெழுகிறது. மேலே அரை அடி நிரந்தரமாக இறங்கினால், காலப்போக்கில் அடி எல்லை 20 அடி உயரும். மேலே இறங்குவது பெரிதாகக் கண்ணில் படாது. கீழே நடப்பது அவ்வளவு பெரிது. இப்படி ஏறிய உவர் மோட்டரை நிறுத்தியதும் உடனே இறங்கிவிடாது. பல மாரிகள் எடுக்கலாம்.

இனி நிலவரை. புத்தூருக்கு அருகே நவக்கிரியிலுள்ள அந்தக் கிணறு, சுண்ணக்கல்லுக்குள் கரைந்து உண்டான குகையின் கூரை இடிந்து திறந்த இடம். அங்கே மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. நான் மேலே எழுதிய வில்லையை வெட்டிப் பார்க்க முடியாத நமக்கு, அது திறந்து காட்டப்பட்டிருக்கும் இடம் என்று நிலவரையைச் சொல்லலாம். ஆழப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்பவருக்கு நிலவரையே பதில்.

மூத்தவர்கள் சொல்லும் கதையின் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. சுண்ணக்கல்லின் குகை வழிகளால் நீர் உட்பகுதியிலிருந்து கரையை நோக்கி நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. கடலோரத்தில் இருந்தும் கீரிமலைக் கேணியில் நன்னீர் சுரப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் அங்கே வெளிவருவது, உள்ளூரில் விழுந்த மழையில் நாம் பிடித்துவைக்காத பங்கு. அதற்கு வேறு ஊற்றுக்கண் இல்லை. வற்றாத ஆறு ஒன்று கீழே ஓடுகிறது என்று நம்பினால் எவ்வளவு இறைத்தாலும் குறையாது என்ற எண்ணம் வந்துவிடும். எனக்குக் கவலை தருவது அந்த எண்ணம்தான்.

தோட்டக்காரன் எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிறவன் என்பதால் இறைப்பைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

துலாவும் பனையோலைப் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் ஒரு கிணற்றிலிருந்து எடுக்கக்கூடிய நீருக்கு மனித உடலே எல்லையாக இருந்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் களைத்து நிறுத்துவார்கள். கிணறு மாலைக்குள் ஊறிக்கொள்ளும். நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் அந்த எல்லை இல்லாமல் போயிற்று. உழைப்பு குறைந்தது பெரிய ஆறுதல். அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கிணறு ஊறும் வேகம் அப்போது இருந்ததேதான் இப்போதும். எங்கள் பக்கத்தில் பல கிணறுகளில், தொடர்ந்து இறைக்கும்போது முதலில் வரும் தண்ணீருக்கும் கடைசியில் வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். ஆகவே நான் ஒரே மூச்சில் இறைப்பதில்லை. காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று பிரித்து, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு நீராவது எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நீரை மழைபோல் தெளிக்கும் தூவல் முறைக்கு மாறியவர்களுக்கு வெங்காயத்துக்குத் தேவைப்படும் நீரும் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கோப்பாயான் அவர்கள் உவரைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார். சுவையில் தெரியாத ஒரு கேடும் நம் கிணறுகளில் இருக்கிறது: நைத்திரேற்று. செம்மண் நீரை வேகமாக விடுவது போலவே யூரியாவையும் வேகமாக விட்டுவிடுகிறது. பயிர் எடுத்தது போக மிச்சம் அடுத்த இறைப்பிலோ அடுத்த மழையிலோ நேரே நிலத்தடி நீரில் சேர்கிறது. வீடுகளின் மலக்குழிகளும் அதே சுண்ணக்கல்லுக்குள்தான் வடிகின்றன. மணல் உள்ள ஊர்களில் நீர் மெல்லச் செல்வதால் மலக்குழிக் கிருமிகளாவது வடிகட்டப்படுகின்றன. வெடிப்பும் குகையுமான கல்லில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. வலிகாமத்தில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் பல இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அவர்களின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இது குறைத்துவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும். வீட்டில் குழந்தை இருந்தால் கிணற்று நீரைக் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அராலி வெளி எழுதியது:

கேட்டவர் தம் காணியில் செய்யக்கூடியதைக் கேட்டிருக்கிறார். அதற்கு முன், காணிக்கு வெளியே நீர் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தால் நல்லது.

குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடிய ஒரே வழி வழுக்கையாறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்திலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக்கு வந்து கடனீரேரியில் சேரும் அதன் நீளம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். வரைபடத்தில் பார்த்தால் அது கோடாகத் தெரியும்; மாரியில் கரையால் நடந்து பார்த்தால் அப்படித் தெரியாது. ஒரு குளம் நிரம்பி வழிந்து வயலுக்குள் இறங்கி, வயல் நிரம்பி அடுத்த குளத்துக்குப் போய், அங்கிருந்து வாய்க்காலாகி, மீண்டும் வயலாகி, இப்படிக் குளமும் வயலும் மாறி மாறி வரும் ஒரு தொடர்தான் அந்த ஆறு. நீர் விரைந்து ஓடுவதற்காக அமைந்த வழியே அல்ல அது. போகிற வழியெல்லாம் நின்று நின்று போவதால், ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு பங்கு கீழே இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போகிறது.

குடாநாடு முழுவதும் நூற்றுக்கணக்கான குளங்களும் கேணிகளும் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ குப்பை போடும் இடங்களாகவும், மண் போட்டு நிரப்பிய கட்டடக் காணிகளாகவும் மாறிவிட்டன. வெள்ளவாய்க்கால்களை மதிலுக்குள் அடைத்துக் கட்டியவர்களும் உண்டு. பிறகு மார்கழியில் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததும், வாய்க்காலை நேரே கடலுக்கு வெட்டிவிடக் கேட்கிறார்கள். அப்படி வெட்டினால் வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுண்ணக்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டிய நீரும் அதோடு கடலுக்குப் போய்விடும். அடுத்த ஆடியில் கிணறு வற்றும்போது இந்த இரண்டையும் யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

கோப்பாயான் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குழாய்க்கிணற்றை மேலும் துளைக்கும் எண்ணத்தைக் கைவிடும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நிலவரையின் உதாரணம் அவருக்கு உடனே விளங்கியது. எங்கள் வளவுக்கு அருகில் கோயிலுக்குச் சொந்தமான குளம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தூர்வாரப்படவில்லை. அதைத் தூர்வார ஊர்ச் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. அது எங்கள் கிணறுகளுக்கு உதவுமா? மேலும், உப்பாற்றின் தடுப்பணை சரியாக இருந்தால் கரையோரக் கிணறுகள் நல்ல தண்ணீராகும் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் உண்மையா?

தொண்டைமானாற்றங்கரை எழுதியது:

தடுப்பணை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

வடமராட்சிக் கடனீரேரி தொண்டைமானாற்றில் கடலோடும், உப்பாற்றுக் கடனீரேரி அரியாலைப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியோடும் சேர்கின்றன. இந்த இரண்டு வாய்களிலும் 1950களில் வான்கதவுகளுடன் கூடிய தடுப்பணைகள் அமைக்கப்பட்டன. மாரியில் வெள்ளத்தைக் கடலுக்கு விட்டு, மழை ஓயும் தறுவாயில் கதவை மூடி, கடைசியாக வந்த நன்னீரைத் தேக்கிவைப்பது. கோடையில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பது. இப்படி ஆண்டுக்காண்டு செய்தால் ஏரிப் படுக்கையில் படிந்துள்ள உப்பு கழுவப்பட்டு, ஓரத்து வயல்களும் கிணறுகளும் தேறும் என்பது அதன் நோக்கம். சுண்ணக்கல் பற்றி மேலே எழுதப்பட்ட கணக்கோடும் இது பொருந்துகிறது. நிலத்தடி நன்னீர் வில்லையின் ஓரத்தில் கடல்நீருக்குப் பதிலாக நன்னீரோ உவர்குறைந்த நீரோ நின்றால், வில்லை ஓரத்தில் அவ்வளவு மெலியத் தேவையில்லை.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இல் முன்வைத்த திட்டம் இதைவிட விரிவானது. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தைத் தாண்டி வரும் கனகராயன் ஆற்றின் நீர் ஆனையிறவுக் கடனீரேரியில் சேர்கிறது. அந்த ஏரியின் வாய்களையும் அடைத்து நன்னீராக்கி, முள்ளியான் பக்கமாக வெட்டும் வாய்க்காலால் வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடலாம் என்றார். குடாநாட்டுக்கு ஓர் ஆறு என்று அதை மக்கள் இன்றும் பேசுகிறார்கள். வேலைகள் தொடங்கப்பட்டும் முழுமை பெறவில்லை. பின்னர் போர்க்காலத்தில் அணைகளும் கதவுகளும் பராமரிப்பின்றிச் சிதைந்தன.

எனினும், இதை எல்லாருக்கும் நன்மை மட்டும் தரும் திட்டமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கரையில் வளர்ந்தவன். கடனீரேரி இறாலுக்கும் மீனுக்கும் நாற்றங்கால். கடல்நீர் வந்துபோகும் காலத்தை நம்பி வலை வீசும் குடும்பங்கள் பல இருக்கின்றன. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை வயற்காரரும் மீனவரும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். மற்றொன்று, இந்த ஏரிகள் மிகவும் ஆழம் குறைந்தவை. ஆவணியில் படுக்கையின் பெரும்பகுதி காய்ந்து, மிதித்தால் நொறுங்கும் உப்புப் பொருக்காகக் கிடக்கும். ஓரத்தில் நண்டுப் பொந்துகளைச் சுற்றி மட்டும் சேறு கறுத்து ஈரமாக இருக்கும். நம் வெயிலில் ஆவியாகும் நீரை அணை ஒன்றினால் மட்டும் ஈடுசெய்ய முடியாது. ஆறுமுகம் வெளியிலிருந்து கனகராயன் ஆற்று நீரையும் சேர்த்துத் திட்டமிட்டதற்குக் காரணம் அதுதான் என்பது என் கருத்து. அந்த நீரிலும் கிளிநொச்சி விவசாயிகளுக்கு உரிமை இருக்கிறது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது அவர்கள் எதிர்த்ததை நாம் மறக்கக்கூடாது. இப்போது வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இயங்குகிறது. குடிநீருக்கு அது ஒரு வழி. தோட்டத்துக்கு இறைக்க அந்த விலையான தண்ணீர் கட்டுப்படியாகாது.

ஆகவே உப்பாற்று அணையால் உங்கள் கிணற்றுக்கு உதவி கிடைக்கும், ஆனால் அது மெல்ல, பல மாரிகளில் நடப்பது. அதை நம்பி இப்போது அதிகமாக இறைக்க வேண்டாம்.

சுண்ணக்கல் எழுதியது:

குளத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தூர்வாருவது நல்லது, ஆனால் எதற்காக என்பதைச் சங்கம் முதலில் தீர்மானிக்கட்டும். குளத்தின் அடியில் படிந்த களியும் வண்டலும்தான் கோடையில் மாடுகளுக்கும் பறவைகளுக்கும் தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கின்றன. அதைக் கல் தெரியும் வரை அள்ளினால் குளம் விரைவில் வற்றும்; அந்த நீர் கிணறுகளுக்குப் போகும். அள்ளாமல் விட்டால் குளத்தில் நீர் நிற்கும். கீழே இறங்குவது குறையும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரு பகுதியை மட்டும் ஆழமாக்கி, மறுபகுதியில் களியை விட்டுவைக்கலாம். எதைச் செய்தாலும் குளத்துக்கு வரும் வாய்க்கால் சுத்தமாக இருக்க வேண்டும். வீதியின் எண்ணெயும் வீடுகளின் கழிவுநீரும் சேரும் வாய்க்காலாக இருந்தால், கல்லைத் திறந்துவிடுவது அந்த அழுக்கை நேரே குடிநீருக்குள் இறக்கிவிடும். அப்படியானால் முதலில் வாய்க்காலைத் திருத்துங்கள், பிறகு குளத்தில் கைவையுங்கள்.

உங்கள் காணியில் செய்யக்கூடியது கூரைநீர். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர். கார்த்திகையில் ஒரே நாளில் மூன்று நான்கு அங்குலம் பெய்வது நமக்குப் புதிதல்ல. முதல் மழையில் கூரையின் தூசும் எச்சமும் கழுவப்பட்டுப் போக விட்டு, பின்னர் வருவதை மூடிய தொட்டியில் சேர்த்தால் கோடையின் தொடக்கம் வரை குடிக்கலாம்; தொட்டி நிரம்பி வழிவதைச் சல்லியும் மணலும் போட்ட குழி ஒன்றின் வழியாக நிலத்துக்குள் விடலாம். அந்தக் குழி மலக்குழியிலிருந்து தொலைவிலும் கிணற்றுக்கு மேட்டிலும் இருக்கட்டும். கிணற்று வாயிலேயே கூரைநீரைக் கொட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வடிகட்டாமல் அப்படிச் செய்ய வேண்டாம்.

சித்தப்பாவின் குழாய்க்கிணற்றை அப்படியே திறந்து வைத்திருப்பதும் நல்லதல்ல. மோட்டர் ஓடாவிட்டாலும், வெவ்வேறு ஆழத்திலுள்ள நன்னீரையும் உவர்நீரையும் இணைக்கும் குத்தான வழியாக அது இருந்துகொண்டிருக்கும். மேலிருந்து வெள்ளநீர் இறங்கினால் கிருமிகளும் நேரே ஆழத்துக்குப் போகும். அனுபவமுள்ளவரைக் கொண்டு அடியிலிருந்து மேல்வரை சீமெந்துக் கலவையால் நிரப்பி மூடிவிடுங்கள். அல்லது கீழ்ப்பகுதியை மட்டும் அடைத்து 25 அடிக்கு மேலுள்ள நீரைக் குறைந்த வேகத்தில் எடுக்க முடியுமா என்று நீர்வளச் சபையின் புவிநீரியலாளர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். குழாயின் எந்தப் பகுதியில் துளைகள் இடப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்து அவர் சொல்லுவார்.

கடைசியாக ஒன்று. நீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடக் கூட இது கூடும்) அளக்கும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. உங்கள் பழைய கிணற்று நீரை மாதத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், மோட்டர் போடுவதற்கு முன்பாக அளந்து, நீர்மட்டத்தையும் கயிற்றில் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாரியில் எண் இறங்கும், கோடையில் ஏறும், அது இயல்பு. ஓர் ஆண்டின் ஆவணி எண்ணை முந்தைய ஆண்டின் ஆவணி எண்ணோடு ஒப்பிடுங்கள். அது தொடர்ந்து ஏறினால், நாக்குக்குச் சவர் தெரிவதற்கு நெடுநாள் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது இறைப்பைக் குறைக்க நேரம் இருக்கும். பக்கத்து வளவுக்காரர்களும் இதைச் செய்தால், தை மாதத்தில் எல்லாருடைய எண்களையும் இங்கே பதிவிடுங்கள். உப்பாற்றுப் பக்கமிருந்து உவர் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதை வரைந்து தருகிறேன்.